சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை: வடசென்னையில் சேர்வதும் வார்டைப் பார்ப்பதும்

ராயபுரத்தில் ஸ்டான்லி இருக்கிறது. வயதானவர்கள் சிலர் அதை இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். பிரசவத்துக்கு ஆர்.எஸ்.ஆர்.எம்., தொற்றுநோய்க்குத் தண்டையார்பேட்டை. ஆனாலும் திருவொற்றியூரிலோ மணலியிலோ கொடுங்கையூரிலோ ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவருக்கு மூச்சு வாங்கினால், ஆட்டோ முதலில் போய் நிற்பது முப்பது நாற்பது படுக்கை உள்ள பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரி வாசலில்தான். அங்கே இரவில் ஒரு ட்யூட்டி டாக்டர், இரண்டு சிஸ்டர், ஒரு ஆயா. பெரிய டாக்டர் போனில்தான் கிடைப்பார். நோயாளி சரிகிறார் என்பதை முதலில் பார்க்க வேண்டியவர் நர்ஸ். அப்படிப்பட்ட இடத்தில் சேரப் போகிறவர்களுக்கும், சேர்ந்து முதல் ஆறு மாதம் திணறுகிறவர்களுக்கும் இந்தக் குறிப்புகள்.

படிப்பும் பதிவும்

ஏ.என்.எம். (துணை நர்ஸ், மிட்வைஃப் படிப்பு) இரண்டு ஆண்டு. அது கிராம, நகர சுகாதாரப் பணிக்கான படிப்பு. வார்டில் ஸ்டாஃப் நர்ஸ் ஆக வேண்டுமானால் மூன்று ஆண்டு ஜி.என்.எம். (பொது நர்சிங், மிட்வைஃபரி) டிப்ளமோ அல்லது நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்சிங். ஜி.என்.எம். முடித்தவர்கள் இரண்டு ஆண்டு போஸ்ட் பேசிக் படித்துப் பட்டம் வாங்கலாம். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி பி.எஸ்சி.க்கு ப்ளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்து 45% எடுத்திருக்க வேண்டும், ஜி.என்.எம்.முக்கு 40%. வயது 17 நிறைந்திருக்க வேண்டும். அரசு இடங்களுக்கு அந்தந்த ஆண்டு வெளியாகும் விளக்கக் கையேடுதான் இறுதி. பக்கத்து வீட்டு அக்கா சேர்ந்த வருஷத்து விதி இப்போது செல்லாமல் போயிருக்கலாம்.

ஆறு மாதம், ஒரு வருஷம் என்று 'நர்சிங் அசிஸ்டன்ட்', 'ஹெல்த் அசிஸ்டன்ட்' சான்றிதழ் தரும் இடங்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அந்தச் சான்றிதழை வைத்துத் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லாவிட்டால் நீங்கள் சட்டப்படி நர்ஸ் இல்லை, எத்தனை ஊசி போடக் கற்றிருந்தாலும் சரி. பணம் கட்டும் முன் அந்தக் கல்லூரியின் பெயர் இந்திய நர்சிங் கவுன்சில், மாநில கவுன்சில் இரண்டின் பட்டியலிலும் இருக்கிறதா என்று பாருங்கள். வாய் வார்த்தையை நம்பாதீர்கள்.

படிப்பு முடிந்ததும் ஆர்.என்., ஆர்.எம். (பதிவு பெற்ற நர்ஸ், பதிவு பெற்ற மிட்வைஃப்) எண் வாங்கிவிடுங்கள். இதை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்குத் தொடர் கல்வி வகுப்புகளில் கலந்துகொண்ட சான்று கேட்பார்கள். கடைசி நேரத்தில் ஓடாமல், ஆஸ்பத்திரியில் நடக்கும் ஒவ்வொரு வகுப்புக்கும் சான்றிதழ் கேட்டு வாங்கி ஒரே கோப்பில் போட்டு வாருங்கள்.

சேரும் முன் கேட்க வேண்டியது

நேர்முகத்தில் சம்பளம் மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். இரவில் ஒரு நர்ஸுக்கு எத்தனை படுக்கை, டாக்டர் கட்டடத்துக்குள் தங்குகிறாரா, ஈ.சி.ஜி. மெஷினும் இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டரும் வேலை செய்கின்றனவா, மூத்த நர்ஸ் ஒருவருடன் எத்தனை நாள் சேர்த்துப் போடுவார்கள் என்று கேளுங்கள். முதல் வாரமே தனியாக நைட் ட்யூட்டி என்றால் வேறு இடம் பாருங்கள். அங்கே வேலை கற்க முடியாது. ஏதாவது தவறு நடந்தால் பழி மட்டும் வந்து சேரும்.

உச்ச நீதிமன்றத்தின் 2016 தீர்ப்பைத் தொடர்ந்து அமைந்த நிபுணர் குழு, 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது. அது பரிந்துரைதான். பல இடங்களில் கையில் வருவது அதற்கும் கீழே. இருந்தாலும் பேரம் பேசும்போது அந்த எண்ணைச் சொல்லலாம். 21,000 ரூபாய் வரை சம்பளம் என்றால் இ.எஸ்.ஐ. பொருந்தும், பிடித்தம் செய்கிறார்களா, எண் தருகிறார்களா என்று பாருங்கள். ஒரிஜினல் சான்றிதழைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். காட்டுங்கள், நகல் கொடுங்கள், கையோடு எடுத்து வாருங்கள். "பத்திரமா வைக்கிறோம்மா" என்று வாங்கிவைத்த இடங்களிலிருந்து அதைத் திரும்ப வாங்க, அரசு வேலை வந்த நேரத்தில் அலைந்தவர்கள் நிறைய.

அரசு நர்ஸ் பணிக்கு ஆள் எடுப்பது எம்.ஆர்.பி. எனப்படும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம். வெளிநாடு என்றால் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் வழியாகப் போவது நல்லது. அங்கெல்லாம் அனுபவச் சான்று கேட்பார்கள், ஆகவே எந்த வார்டில், எத்தனை படுக்கை, என்னென்ன செய்தீர்கள் என்று மாதாமாதம் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். மூன்று வருஷம் கழித்து உட்கார்ந்து யோசித்தால் ஒன்றும் நினைவுக்கு வராது.

ட்யூட்டி எடுக்கும்போது

ஹேண்ட் ஓவரை நர்ஸ் மேஜையில் உட்கார்ந்தபடி வாங்காதீர்கள். கேஸ் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, முந்தைய சிஸ்டருடன் படுக்கை படுக்கையாக நடந்து வாங்குங்கள். ஒவ்வொரு படுக்கையிலும் பார்க்க வேண்டியவை: ஆள் விழித்திருக்கிறாரா, மூச்சு எப்படி இருக்கிறது, எந்த பாட்டில் ஓடுகிறது, எவ்வளவு மீதி, வென்ஃப்ளான் (ட்ரிப்ஸுக்காக நரம்பில் போடும் சின்னக் குழாய்) போட்ட இடம் சிவந்திருக்கிறதா, யூரின் பையில் எவ்வளவு, எந்த மருந்து கொடுபடாமல் நிற்கிறது, எந்த ரிசல்ட் வரவில்லை. "எல்லாம் நார்மல் சிஸ்டர்" என்று ஒருவர் சொல்லிவிட்டுக் கிளம்பினால், பாட்டில் காலியாகி ரத்தம் குழாயில் ஏறி நிற்பதை அரை மணி கழித்து நீங்கள்தான் கண்டுபிடிப்பீர்கள்.

பிறகு எமர்ஜென்சி ட்ராலி. ஆக்சிஜன் சிலிண்டரின் பிரஷர், சக்‌ஷன் இழுக்கிறதா, தொண்டைக்குள் பார்க்கும் லாரிங்கோஸ்கோப்பின் விளக்கு எரிகிறதா, கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் அம்பு பையும் எல்லா அளவு மாஸ்க்கும், அட்ரினலின், அட்ரோபின், 25% டெக்ஸ்ட்ரோஸ், கால்சியம் குளுக்கோனேட். பட்டியலில் டிக் போட்டால் போதாது, ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்கள். ட்ராலியில் பெரும்பாலும் காணாமல் போவது விலை உயர்ந்த பொருள் இல்லை. லாரிங்கோஸ்கோப் பேட்டரியும் குழந்தை மாஸ்க்கும்தான்.

மூச்சை எண்ணுங்கள்

எந்த வார்டு சார்ட்டைப் புரட்டினாலும் எல்லாருக்கும் மூச்சு 20. நிமோனியா வந்தவருக்கும் 20, குடலிறக்கம் ஆபரேஷன் செய்தவருக்கும் 20. எண்ணாமல் எழுதுவதால் வருவது அது. ஆனால் உடம்பு சரியும்போது பெரும்பாலும் முதலில் மாறுவது மூச்சுதான்; பிரஷர் கடைசியில்தான் விழும். நாடி பிடிப்பது போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிஷம் எண்ணுங்கள். எண்ணுவதை நோயாளியிடம் சொல்ல வேண்டாம், சொன்னால் மூச்சை மாற்றிக்கொள்வார். பெரியவர்களுக்கு 12 முதல் 20 சரி. 25ஐத் தொட்டாலோ 8க்கு இறங்கினாலோ, மற்றதெல்லாம் நன்றாக இருந்தாலும் டாக்டரைக் கூப்பிட அதுவே போதும்.

மற்ற எல்லைகளை மனப்பாடமாக வைத்திருங்கள்: மேல் பிரஷர் 90 அல்லது அதற்குக் கீழே, நாடி 130க்கு மேல், அல்லது 40ம் அதற்குக் கீழேயும், ஆக்சிஜன் 91 அல்லது அதற்குக் கீழே, புதிதாக வந்த குழப்பமோ தூக்கக் கலக்கமோ. நியூஸ்-2 என்ற மதிப்பெண் முறையில் இவற்றில் ஒவ்வொன்றும் தனியாகவே மூன்று புள்ளி. மொத்தம் ஐந்து வந்தால் அவசரம், ஏழு என்றால் ஐ.சி.யு. பேச்சு. உங்கள் ஆஸ்பத்திரியில் அந்தப் படிவம் இல்லாவிட்டால் ஒரு அட்டையில் எழுதி மேஜை மேல் ஒட்டிவிடுங்கள்.

கருவி பொய் சொல்லும் இடங்களும் உண்டு. நெயில் பாலிஷ், குளிர்ந்த விரல், ஆடுகிற கை — இவற்றில் ஆக்சிஜன் எண் குறைவாகக் காட்டும். விரலை மாற்றுங்கள், காதுமடலில் போடுங்கள். நாடி எண்ணிக்கையும் கருவி காட்டும் நாடியும் ஒத்துப்போகாவிட்டால் அந்த ஆக்சிஜன் எண்ணை நம்ப வேண்டாம். பருத்த கைக்குச் சின்ன கஃப் கட்டினால் பிரஷர் அதிகமாகத் தெரியும். கை இதய மட்டத்தில், கால் குறுக்கே போடாமல், பேச்சு இல்லாமல், ஐந்து நிமிஷம் உட்கார்ந்த பிறகு பாருங்கள்.

சிறுநீரை யாரும் அளப்பதில்லை. கதீட்டர் போட்டவருக்கு மணிக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு அரை மி.லி. வர வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 30 மி.லி. இரண்டு மணி நேரம் அது வராவிட்டால், முதலில் குழாய் மடங்கியிருக்கிறதா பாருங்கள், அடுத்து போன் பண்ணுங்கள்.

போனில் டாக்டரிடம் பேசுவது

தூக்கத்திலிருந்து எழும் டாக்டரிடம் "சார், பேஷன்ட் கொஞ்சம் டல்லா இருக்காரு" என்றால், "ட்ரிப்ஸ் போடுங்க, காலையில பாக்கறேன்" என்றுதான் பதில் வரும். யார், என்ன ஆனது, பின்னணி, உங்கள் கணிப்பு, என்ன வேண்டும் என்று வரிசையாகச் சொல்லுங்கள். இப்படி:

"சார், ஆண்கள் வார்டு நாலாம் பெட், 58 வயசு, சுகர் பேஷன்ட், கால் புண்ணுக்கு நேத்து அட்மிட் ஆனவரு. அரை மணி நேரமா மூச்சு 28, நாடி 124, பிரஷர் 96க்கு 60, காய்ச்சல் 102. சாயந்திரத்துல இருந்து யூரின் 40 மி.லி.தான். ரத்தத்துல கிருமி ஏறிட்டுதோன்னு தோணுது. நீங்க உடனே வந்து பாக்கணும் சார். அதுவரைக்கும் என்ன ஆரம்பிக்கட்டும்?"

அவர் சொல்லும் ஆர்டரைத் திரும்பச் சொல்லிக் காட்டுங்கள், நேரத்தோடு எழுதுங்கள், வந்ததும் கையெழுத்து வாங்குங்கள். பதினைந்தா ஐம்பதா என்பதில் குழப்பம் வராமலிருக்க "ஒன்று, ஐந்து" என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லிக் கேளுங்கள். வரவில்லை என்றால் மறுபடி கூப்பிட்ட நேரத்தையும் எழுதுங்கள்.

ட்ரிப்ஸும் ஊசியும்

சொட்டுக் கணக்கு: மி.லி. அளவைச் சொட்டு எண்ணால் பெருக்கி, நிமிஷத்தால் வகுக்க வேண்டும். பெரியவர்கள் செட்டில் பெரும்பாலும் ஒரு மி.லி.க்கு 20 சொட்டு. உறையில் அச்சிட்டிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். 500 மி.லி. நான்கு மணி நேரத்தில் ஓட வேண்டும் என்றால் 500 × 20 ÷ 240, அதாவது நிமிஷத்துக்கு 42 சொட்டு. மைக்ரோ செட்டில் ஒரு மி.லி.க்கு 60 சொட்டு, ஆகவே மணிக்கு எத்தனை மி.லி.யோ நிமிஷத்துக்கு அத்தனை சொட்டு. பாட்டிலில் பிளாஸ்டர் ஒட்டி, தொடங்கிய நேரத்தையும் மணிக்கு மணி இருக்க வேண்டிய மட்டத்தையும் குறியுங்கள். நோயாளி கையை மடக்கினால் வேகம் மாறும். கூட இருக்கிறவர்கள் "சீக்கிரம் முடியட்டும்" என்று சக்கரத்தை உருட்டிவிடுவதும் நடக்கும். இதய நோயாளிக்கும் கிட்னி நோயாளிக்கும் அது நுரையீரலில் நீர் கோர்க்கும் வழி. அவர்கள் வீட்டாரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வென்ஃப்ளான் நிறமும் கேஜ் அளவும் (எண் கூடினால் குழாய் மெலிது): பச்சை 18, ரோஸ் 20, நீலம் 22, மஞ்சள் 24. விபத்து, பிரசவ ரத்தப்போக்கு என்றால் பச்சை, அதுவும் இரண்டு கையிலும். நரம்பு கிடைக்கவில்லை என்று ரத்தம் போகிறவருக்கு நீலம் போட்டால் வேகமாக ஏற்ற முடியாது. போட்ட தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். ஊசி மருந்து ஏற்றும்போது "எரியுது சிஸ்டர்" என்றால், "கொஞ்சம் பொறுத்துக்கோங்கம்மா" என்று தள்ளாமல் நிறுத்திப் பாருங்கள். வீங்கியிருந்தால் கழற்றிவிடுங்கள்.

சேரக் கூடாத ஜோடிகள் சில உண்டு. செஃப்ட்ரியாக்சோனை ரிங்கர் லாக்டேட் ஓடும் அதே குழாயில் கலக்கக் கூடாது, கால்சியத்தோடு சேர்ந்து படியும். ஃபெனிடாயினை டெக்ஸ்ட்ரோஸில் கலந்தால் படிந்துவிடும். நார்மல் சலைன்தான், நிமிஷத்துக்கு 50 மி.கி.க்கு மேல் வேகம் கூடாது. வான்கோமைசின் ஒரு கிராம் என்றால் குறைந்தது ஒரு மணி நேரம். அவசரப்பட்டால் முகமும் கழுத்தும் சிவந்து அரிக்கும், பிரஷரும் விழலாம்.

பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலை மற்ற ஆம்பூல்களோடு ஒரே தட்டில் வைக்காதீர்கள். 10 மி.லி.யில் 20 மில்லி ஈக்விவலன்ட் இருக்கிறது. நேராக நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். எப்போதும் பாட்டிலில் கலந்து, பாட்டிலை நன்றாகக் கவிழ்த்து ஆட்டி, மணிக்கு 10 மில்லி ஈக்விவலன்ட் என்ற வேகத்துக்குள். தொங்குகிற பாட்டிலில் அப்படியே செலுத்தினால் மருந்து அடியில் தங்கி, முதல் சில மி.லி.யிலேயே மொத்தமும் போய்விடும்.

இன்சுலினில் நடக்கும் தவறு ஒரே மாதிரிதான் திரும்பத் திரும்ப நடக்கும். நம் ஊர் வயல் பெரும்பாலும் ஒரு மி.லி.க்கு 40 யூனிட், பேனாவில் இருப்பது 100. சிவப்பு மூடி சிரிஞ்ச் 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடியில் 20 கோடு வரை எடுத்தால் உடம்பில் போவது 50 யூனிட். வயலையும் சிரிஞ்சையும் ஒன்றாக வைத்துப் படித்த பிறகே எடுங்கள், இன்னொரு சிஸ்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். சாப்பாடு வீட்டிலிருந்து வரும் வார்டுகளில் வேறொரு ஆபத்து: ஊசி போட்டாகிவிட்டது, மகள் சாப்பாட்டோடு டோல்கேட் ட்ராஃபிக்கில் நிற்கிறாள். சாப்பாடு வந்துவிட்டதா என்று கேட்ட பிறகே இன்சுலின். வியர்வை, நடுக்கம், உளறல் என்றால் உடனே சுகர் பாருங்கள். 70க்குக் கீழே இருந்து விழுங்கவும் முடிந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை தண்ணீரில் கலந்து கொடுத்துப் பதினைந்து நிமிஷத்தில் மறுபடி பாருங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்; 25% டெக்ஸ்ட்ரோஸ் 100 மி.லி. நரம்பில்.

எந்த ஊசிக்குப் பிறகும் தடிப்பு, மூச்சுத்திணறல், பிரஷர் இறக்கம் சேர்ந்து வந்தால் அட்ரினலின் அரை மி.கி., அதாவது ஆயிரத்தில் ஒன்று கரைசலில் அரை மி.லி., தொடையின் வெளிப்பக்கத் தசையில். ஏவிலும் ஹைட்ரோகார்டிசோனும் அதற்குப் பிறகுதான். பல இடங்களில் அவை இரண்டையும் போட்டுவிட்டுக் காத்திருந்து நேரத்தைத் தொலைக்கிறார்கள். உங்கள் ஆஸ்பத்திரியில் இதற்கு முன்கூட்டியே எழுதிய ஆர்டர் இருக்கட்டும்.

இந்தப் பக்கத்து நோயாளிகள்

"கேஸ் பிடிச்சிகீது சிஸ்டர், ஒரு ஊசி போடு" என்று நெஞ்சைத் தடவிக்கொண்டு நடந்து வருகிறவர்தான் அதிகம் ஏமாற்றுவார். சோடா குடித்து, ஓமத் தண்ணீர் குடித்து, இரண்டு மணி நேரம் போன பிறகு வந்திருப்பார். தாடையிலிருந்து தொப்புள் வரை எங்கே வலி என்றாலும், வியர்வை இருந்தால், சுகர் இருந்தால், பத்து நிமிஷத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்து டாக்டர் கண்ணில் காட்டுங்கள். சுகர் உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் வெறும் மூச்சு வாங்கலாகவும் வரும். ரிஜிஸ்டர் எழுதுவது அப்புறம்.

மழைக்காலத்தில் டெங்கு. வீட்டார் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையையே கேட்டுக்கொண்டிருப்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. காய்ச்சல் இறங்கும் நாள்தான் ஆபத்தான நாள், மூன்றிலிருந்து ஏழாம் நாளுக்குள். வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்வோ பரபரப்போ — ஏதாவது ஒன்று வந்தாலே சொல்லுங்கள். மேல் பிரஷருக்கும் கீழ் பிரஷருக்கும் இடைவெளி 20 அல்லது அதற்குக் கீழே, உதாரணமாக 100க்கு 82 என்றால், மேல் எண் நன்றாக இருக்கிறதே என்று விடாதீர்கள், அது ஷாக், உறுப்புகளுக்கு ரத்த ஓட்டம் போதாமல் போகும் நிலை. தசையில் ஊசி வேண்டாம். டைக்ளோ, புருஃபென் வேண்டாம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஏற்றிய நீரும் வெளியேறிய நீரும் மணிக்கு மணி எழுதப்பட வேண்டும்.

மணலி, எண்ணூர்ப் பக்கம் தொழிற்சாலைகளில் விரல் துண்டாகி வருவார்கள். துண்டான விரலை நேராக ஐஸில் போட்டு எடுத்து வருவது வழக்கம். திசு உறைந்து ஒட்டவைக்க லாயக்கில்லாமல் போகும். சலைனில் நனைத்துப் பிழிந்த காஸில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். துண்டான நேரத்தை எழுதுங்கள். ஸ்டான்லியின் கை அறுவைச் சிகிச்சைப் பிரிவு இதற்குப் பெயர்பெற்றது, ஆகவே கட்டுப்போட்டு, வலிக்கு மருந்து கொடுத்து, சீக்கிரம் அனுப்புவதே உதவி.

2023 டிசம்பரில் எண்ணூரில் அம்மோனியா கசிந்தபோது மக்கள் இரவோடு இரவாக ஓடினார்கள். வாயுக் கசிவு என்று கும்பலாக வந்தால் உள்ளே விடும் முன் உடுப்பை மாற்றச் சொல்லுங்கள், கண்ணைக் குழாய்த் தண்ணீரில் பதினைந்து நிமிஷமாவது கழுவுங்கள். குரல் கரகரத்தாலோ மூச்சில் விசில் சத்தம் கேட்டாலோ அவர் வரிசையில் முதல் ஆள். தொண்டை வீங்கி அடைக்கப் போகிறது.

கர்ப்பிணிக்குத் தலைவலி, கண் மங்கல், பிரஷர் 160க்கு 110 என்றால் வலிப்புக்குக் காத்திருக்க வேண்டாம். மக்னீசியம் சல்பேட் 50% ஆம்பூலில் 2 மி.லி.க்கு ஒரு கிராம். அனுப்பும் முன் போடும் முதல் டோஸ் ஒவ்வொரு பிட்டத்திலும் 5 கிராம், அதாவது ஐந்து ஆம்பூல், ஆழமாகத் தசையில். மறு டோஸ் போடும் முன் முட்டி அனிச்சை இருக்கிறதா, மூச்சு 16க்குக் குறையாமல் இருக்கிறதா, மணிக்கு 30 மி.லி. சிறுநீர் வந்ததா என்று மூன்றையும் பாருங்கள். ஒன்று இல்லாவிட்டாலும் நிறுத்துங்கள். அதை முறிக்கும் மருந்து 10% கால்சியம் குளுக்கோனேட் 10 மி.லி., மெதுவாக.

படுக்கையாகிப் போனவர்

இரண்டு மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள், முழுக்க ஒருக்களிக்காமல் 30 டிகிரி சாய்வாக. குதிகாலின் கீழ் காற்று போக வேண்டும். கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்தால் குதிகால் தானே தூக்கும். கையுறையில் தண்ணீர் நிரப்பிக் குதிகாலுக்கு வைப்பதும், ரப்பர் வளையத்தில் உட்காரவைப்பதும் இன்னும் நடக்கின்றன. வளையம் சுற்றியுள்ள ரத்த ஓட்டத்தை அழுத்துகிறது; கையுறை எடையைத் தாங்குவதில்லை. சிவந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். மூக்குக் குழாயில் ஊட்டும்போது தலை 30 முதல் 45 டிகிரி உயரத்தில், முடிந்த பிறகும் அரை மணி அப்படியே. காற்றை அடித்து ஸ்டெதில் கேட்பதை மட்டும் நம்பி ஊட்ட வேண்டாம், குழாய் வயிற்றில் இல்லாமல் நுரையீரலில் இருந்தாலும் சத்தம் கேட்கும். வீட்டுக்கு அனுப்பும் முன் இதையெல்லாம் கூட இருப்பவரையே இரண்டு முறை செய்யவைத்துப் பாருங்கள். சொல்லிக் கொடுத்தது பாதிதான் போய்ச் சேரும்.

கூட இருக்கிறவர்களும் உங்கள் பாதுகாப்பும்

காசிமேட்டிலிருந்து ஒருவரை அட்மிட் செய்தால் தெருவே வந்து நிற்கும். எல்லாரிடமும் பேசாமல் ஒரு பொறுப்பாளரைப் பிடித்து, இன்னின்ன நேரத்தில் வந்து சொல்கிறேன் என்று சொல்லி, அந்த நேரத்தில் போய்ச் சொல்லுங்கள். செய்தி தெரியாத கோபம்தான் பெரும்பாலும் கதவை உடைக்கும். ஆபரேஷனுக்கு முன் வெறும் வயிறு என்பதை நோயாளியிடம் மட்டும் சொன்னால், பாட்டி அன்பாகப் பன்னும் பாலும் கொடுத்துவிடுவார். மயக்கத்தில் அது நுரையீரலுக்குப் போகும் என்று காரணத்தோடு பாட்டியிடம் சொல்லுங்கள். கையை ஓங்கினால் தனியாக நின்று வாதாட வேண்டாம், விலகி ஆள் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரி ஊழியரைத் தாக்குவது 2008 தமிழ்நாடு சட்டப்படி ஜாமீனில் வர முடியாத குற்றம்.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்றும் (இன்று, ஒரு மாதம், ஆறு மாதம்) போட்டு, கடைசி ஊசிக்கு ஒன்று இரண்டு மாதம் கழித்து ரத்தத்தில் எதிர்ப்பு அளவு 10க்கு மேல் வந்ததா என்று பாருங்கள். ஊசி மூடியைத் திரும்ப மாட்டாதீர்கள். குத்துவது அப்போதுதான் அதிகம். குத்திவிட்டால் பிதுக்காமல் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, உடனே சொல்லி, நோயாளியின் ரத்தத்தைச் சோதிக்கச் செய்யுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்துக்குப் பிறகு பயனில்லை, 28 நாள் சாப்பிட வேண்டும். வெட்கப்பட்டு மறைப்பவர்கள்தான் சிக்கிக்கொள்கிறார்கள். கழிவில் ஊசி வெள்ளை டப்பாவுக்கு, ட்ரிப் செட்டும் கையுறையும் சிவப்புக்கு, ரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சளுக்கு, கண்ணாடி நீலத்துக்கு. மஞ்சள் பையில் ஊசி கிடந்தால் அது குத்துவது ஆயாவை. இருமல் நாள்பட்டவருக்குச் சர்ஜிக்கல் மாஸ்க், உங்களுக்கு என்95, ஜன்னல் திறந்தபடி.

மேலே அனுப்பும்போது

அனுப்பும் முடிவு டாக்டருடையது. அது நன்றாக நடப்பது உங்கள் கையில். 108ஐக் கூப்பிடும்போதே, போய்ச் சேரும் இடத்துக்கும் போன் போட்டுச் சொல்லுங்கள். கூடப் போகும் தாளில் வந்த நேரம், ஒவ்வொரு அளவும் எடுத்த நேரம், கொடுத்த மருந்தும் அளவும் நேரமும், அலர்ஜி, கடைசியாகச் சாப்பிட்டது. பக்கவாதம் என்றால் கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான், அந்தக் கணக்கு அங்கிருந்துதான் தொடங்கும். ஈ.சி.ஜி., எக்ஸ்ரே நகல் சேர்த்துக் கட்டுங்கள்.

ஆக்சிஜனைக் கணக்குப் போடுங்கள். பி டைப் சிலிண்டர் நிறைந்திருந்தால் சுமார் 1,500 லிட்டர். நிமிஷத்துக்கு 10 லிட்டர் என்றால் இரண்டரை மணி நேரம், பாதி இருந்தால் ஒன்றேகால். மணலியிலிருந்து ஸ்டான்லி கிட்டத்தில்தான், ஆனால் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றால் எவ்வளவு நேரம் என்று யாரும் சொல்ல முடியாது. எதிர்பார்க்கும் நேரத்துக்கு இரண்டு மடங்கு இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஸ்ட்ரெச்சரை நகர்த்துங்கள். வண்டி கிளம்பிய நேரத்தையும் மறுமுனையில் பேசியவரின் பெயரையும் ரிஜிஸ்டரில் எழுதுங்கள். அடுத்த நாள் போன் போட்டு என்ன நோய் என்று முடிவானது, எப்படி இருக்கிறார் என்று கேட்டு, அதையும் அதே வரியில் குறித்துவிடுங்கள்.